பாணனும் அவனே, புரவலனும் அவனே

அமெரிக்க ப்ளூஸ் கிட்டார்க் கலைஞன் ஜானி விண்டர் மாய்ந்தான். 2014 ஜூலை 16 அன்று, சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரை அடுத்த ஒரு விடுதி அறையில் அவன் மூச்சு நின்றது. வயது 70. அந்த மாதத்தில்தான் ஆஸ்திரியாவின் வீசனில் பாடினான். பிரான்சின் கஹோர் நகரத்து ப்ளூஸ் விழாவில் பாடினான். அடுத்த ஊரில் பாட வேண்டியவன் எழவில்லை. தேய்ந்த நுரையீரலும் அதன்மேல் வந்த நிமோனியாவும் அவனைக் கொண்டன. ஐம்பது ஆண்டுக்கு மேலாக ஊர் ஊராய்ப் பாடித் திரிந்தவனைக் கூற்றம் வழியிடையில் மறித்தது. பாணனுக்கு அது வழியிடையில்தான் வரும்.

இத்தகைய இழப்புக்கு நம் முன்னோர் ஒரு துறை வகுத்தனர். பாரி மாய்ந்தபின் கபிலர் பாடியது கையறுநிலை. அதியமான் வீழ்ந்தபின் ஔவை பாடியது கையறுநிலை. ஈந்தவன் போனான், ஏற்றவன் நின்று அழுதான். அங்கே புரவலன் வேறு, பாணன் வேறு. விண்டரை அழப் புகுவோர்க்கு அந்த எல்லைக்கோடு அழிந்துபோகிறது. அவன் பாணன், ஆனால் தன்னினும் மூத்த பாணர் ஒருவர்க்குத் தன் புகழையும் தன் காலத்தையும் தன் விரல்களையும் ஈந்த பாணன். அவனை அழுவோர் இருதிறத்தார். அவன் பாட்டைக் கேட்டவர் ஒரு திறம். அவனால் பிறர் பாட்டைக் கேட்டவர் ஒரு திறம். நான் இரண்டாம் திறத்தாருடன் நின்று அழுகிறேன்.

அவன் ஊர் டெக்சாஸ் மாநிலத்துப் பியூமான்ட். எண்ணெயால் எழுந்த ஊர். 1901இல் ஸ்பிண்டில்டாப் மேட்டில் பீறிட்ட எண்ணெய் அவ்வூரை ஒரே ஆண்டில் உலகறியச் செய்தது. செல்வம் வந்தது, நீதி வரவில்லை. 1943 ஜூனில் வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தார் வாழ்ந்த தெருக்களுள் புகுந்து வீடுகளையும் கடைகளையும் எரித்தது, சூறையாடியது. இராணுவச் சட்டம் பிறப்பித்த பின்னரே ஊர் அடங்கியது. அதன்பின் எட்டுத் திங்கள் கழித்து, 1944 பிப்ரவரி 23 அன்று, அவ்வூர் வெள்ளைக் குடும்பம் ஒன்றில் ஜானி பிறந்தான். தோலில் நிறமி இல்லை, முடியில் இல்லை, விழியில் இல்லை. ஆல்பினோ என்று மருத்துவர் சொல்லும் பிறவி. ஏறக்குறைய மூன்று ஆண்டுக்குப் பின் பிறந்த தம்பி எட்கரும் அவ்வாறே. கண் மங்கல், வெயில் பகை, பள்ளியில் ஏளனம். நிறத்தின் பெயரால் மனிதனை எரித்த ஊரில், நிறமே இல்லாத பிள்ளைகள் இருவர் வளர்ந்தனர்.

தந்தையின் ஊர் மிசிசிப்பி மாநிலத்து லீலண்ட். பருத்தி விளையும் டெல்டா நிலம் அது. ப்ளூஸ் பிறந்த நிலம் என்று இசை அறிந்தோர் கைகாட்டும் நிலமும் அதுவே. 61ஆம் எண் நெடுஞ்சாலை லீலண்டைத் தொட்டுச் செல்கிறது. அதே சாலை தெற்கே ரோலிங் ஃபோர்க்கைத் தொடுகிறது. ப்ளூஸ் பெரும்பாணர் மடி வாட்டர்ஸ் தம் பிறந்த ஊர் என்று சொல்லிவந்தது அந்த ரோலிங் ஃபோர்க்கை. பின்னாளில் மகன் என்றும் தந்தை என்றும் ஒருவரையொருவர் எண்ணி வாழ்ந்த இருவரின் வேர்களும் ஒரே சாலையின் ஓரத்தில் கிடந்தன. ஒரு வேர் பருத்தியை விற்றவர் நிலத்தில். மற்றது பருத்தியை எடுத்தவர் நிலத்தில்.

சிறுவன் முதலில் கிளாரினெட் பிடித்தான், பின் உகுலேலே, பின் கிட்டார். தம்பியும் அவனும் சேர்ந்து உள்ளூர்த் தொலைக்காட்சியின் சிறுவர் நிகழ்ச்சியில் பாடினர். ஆனால் அவனை வளர்த்தது வானொலி. இரவு முற்றிய பின் நாஷ்வில்லிலிருந்தும் ஷ்ரீவ்போர்ட்டிலிருந்தும் காற்றில் மிதந்து வந்த கறுப்பினத்தார் பாட்டுகளைக் காதைப் பெட்டியோடு ஒட்டிக் கேட்டான். கண்ணில் குறைந்ததைக் காதில் கூட்டிக்கொண்டான் என்று சொல்லத் தோன்றுகிறது. அவன் வாசித்ததைக் கேட்டவர் யாரும் இதை மறுக்கமாட்டார்.

ஊரிலேயே ஓர் ஆசானும் வாய்த்தார். கிளாரன்ஸ் கார்லோ, தாமும் இசைத்தட்டு வெளியிட்டவர், பியூமான்டில் கேஜெட் என்னும் வானொலி நிலையத்தில் பாட்டு ஒலிபரப்பியவர். சிறுவன் நிலையத்துக்குத் தொலைபேசி செய்வான், பாட்டுக் கேட்பான், பேச்சு நீளும், பின் நேரே போய் நின்றான். கார்லோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவற்றுள் ஒன்று மிகச் சிறியது: கிட்டாரின் மூன்றாம் தந்தியாகச் சுருள் சுற்றிய கனத்த தந்தியைப் போடாதே, சுற்றாத மெல்லிய தந்தியைப் போடு. கனத்த தந்தி விரலுக்கு வளையாது. மெல்லியது வளையும், வளைந்தால் சுரம் விம்மும், இழையும், மனிதக் குரலைப்போல் தேம்பும். ப்ளூஸ் கிட்டாரின் உயிர் அந்த விம்மலில் இருக்கிறது. எத்தனையோ பிள்ளைகள் இசைத்தட்டில் கேட்ட ஓசை தம் விரலில் ஏன் வரவில்லை என்று ஆண்டுக்கணக்கில் ஏங்கியிருக்கிறார்கள். அவனுக்கு ஒரு கறுப்பின ஆசான் ஒரு வாக்கியத்தில் வாசலைத் திறந்துவிட்டார். அந்தக் கடனை அவன் மறக்கவில்லை. அவன் பின்னாள் வாழ்வு முழுதும் அக்கடனின் வட்டியென்றே நான் எண்ணுகிறேன்.

பதினைந்து வயதில் ‘ஸ்கூல் டே ப்ளூஸ்’ என்னும் முதல் தட்டு, ஹூஸ்டனில் ஒரு சிறு நிறுவனத்தின் பெயரில் வந்தது. அதைவிடப் பெரிய நிகழ்ச்சி 1962இல். பியூமான்டின் ரேவன் என்னும் அரங்கு கறுப்பினத்தார் கூடும் இடம். அன்று அங்கே பாட வந்தவர் ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங். கூட்டத்தில் வெள்ளைத் தோல் கொண்டவர்கள் ஜானியும் எட்கரும் உடன்சென்ற நண்பர்களுமே. உங்கள் மேடையில் ஒரு பாட்டு வாசிக்கட்டுமா என்று ஆள்மேல் ஆள் அனுப்பிக் கேட்டான் ஜானி. கிங் தயங்கினார். யாரென்று தெரியாத பையன். ஊர் முழுதும் தம்மைக் கேட்க வந்து அமர்ந்திருக்கிறது. இசைக்கலைஞர் சங்கத்தின் உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தார். அட்டை இருந்தது. வேறு வழியின்றித் தம் கிட்டாரையே எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் வாசித்து முடித்தபோது அரங்கு எழுந்து நின்று கைதட்டியது.

அந்தக் கைதட்டலை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. வெள்ளையர் அரங்குகளில் கறுப்பின மனிதர் கேட்போராய் அமரவும் இடமில்லாத காலம் அது. ஊர் எரிந்து இருபது ஆண்டும் ஆகவில்லை. எரித்த இனத்துப் பையன் ஒருவன் தம் அரங்கிற்குள் வந்து தம் இசையைத் தம் கண்முன் வாசித்தபோது, அவர்கள் அவன் விரலை மட்டும் பார்த்தார்கள். தன் தோல் அளவுக்கு மீறி வெளுத்ததால் தானும் ஒதுக்கப்பட்டவன் என்றும், அதனால்தான் கறுப்பினத்தார் பாட்டு தனக்குள் புகுந்தது என்றும் விண்டர் பிற்காலத்தில் சொல்வதுண்டு. அவன் பட்ட ஏளனம் மெய்யே. ஆயினும் இரண்டும் ஒன்றாகா. அவன் ரேவனுக்குள் போகலாம், பாடலாம், அச்சமின்றி வீடு திரும்பலாம். ரேவனில் அமர்ந்திருந்தோர்க்கு மறுதிசையில் அந்த வழி இல்லை. இதை அவன் பேச்சில் ஒப்புக்கொண்டானோ இல்லையோ, செய்கையில் ஒப்புக்கொண்டான். செய்கை பின்னே வருகிறது.

1968 ஆகஸ்டில் ஆஸ்டின் நகரத்து வல்கன் கேஸ் கம்பெனி என்னும் அரங்கில், மடி வாட்டர்ஸின் கச்சேரிக்கு முன் வாசிக்கும் வாய்ப்பு அவனது மூவர் குழுவுக்குக் கிடைத்தது. பேஸ் கிட்டாரில் டாமி ஷானன், டிரம்ஸில் அங்கிள் ஜான் டர்னர். தான் தெய்வமாய் வைத்திருந்தவரை அவன் அன்று அருகிருந்து கண்டான். அவ்வாண்டு இறுதியில் ரோலிங் ஸ்டோன் இதழ் டெக்சாஸ் இசை பற்றிய கட்டுரையில் அவனைச் சிறப்பித்து எழுதியது. டிசம்பரில் கிட்டார்க் கலைஞர் மைக் ப்ளூம்ஃபீல்ட் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் மேடைக்கு அவனை ஏற்றினார். அங்கே அவன் எடுத்துப் பாடியது பி.பி. கிங்கின் பாட்டு. கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தார் கேட்டனர். 6,00,000 டாலர் முன்பணம் என்று நாடே பேசிய ஒப்பந்தம் கையெழுத்தானது. 1969இல் தன் பெயரிலேயே வந்த கொலம்பியா தட்டில், வந்த புகழின் முதல் பங்காக, சிகாகோவின் முதுபெரும் கலைஞர்கள் வில்லி டிக்சனையும் வால்டர் ஹார்டனையும் அழைத்து ஒரு பாட்டில் வாசிக்க வைத்தான். பின்னாள் கொடைக்கு அதுவே முளை.

அதே ஆண்டு ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசைவிழா. நள்ளிரவில் வாசித்தான். மேலாளரின் மறுப்பால், அவ்விழாவைப் பற்றி 1970இல் வந்த திரைப்படத்தில் அவன் இல்லை. அடுத்து ராக் இசையின் பேரொளி, பெருங்கூட்டம், பெருவேகம். அவற்றை விரித்து எழுதுவோர் பலர் உளர். நான் கடந்து செல்கிறேன். அந்த ஒளியின் அடியில் ஹெராயின் இருந்தது. 1971இல் நியூ ஆர்லியன்ஸ் மருத்துவமனை ஒன்றில் தானே போய்ச் சேர்ந்தான், மாதக்கணக்கில் கிடந்தான், 1973இல் ‘ஸ்டில் அலைவ் அண்ட் வெல்’ என்னும் தட்டோடு மீண்டான். அந்தத் தலைமுறையில் மீளாதவர் பெயர்களை நாம் அறிவோம். மீண்டவன் தனக்குக் கிடைத்த நாள்களை என்ன செய்தான் என்பதே என் அழுகைக்கு அடிப்படை.

இப்போது அவன் தன்னை ஈந்த அந்த முதியோரைப் பார்க்க வேண்டும்.

மடி வாட்டர்ஸ், இயற்பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்ட். ஸ்டோவால் பண்ணையில் உழைத்துக்கொண்டிருந்தவரின் பாட்டை நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் 1941இல் அங்கேயே வந்து பதிந்தார். 1943இல் பண்ணையை விட்டுச் சிகாகோவுக்கு இரயில் ஏறினார். அங்கே கிட்டாரை மின்சாரத்தோடு இணைத்தார்; டெல்டாவின் தனிக்குரல் நகரத்தின் குழு இசையாயிற்று. செஸ் நிறுவனத்தின் தட்டுகள் வழியே அவர் குரல் கடல் கடந்தது. இங்கிலாந்தின் இளைஞர்கள் அவர் பாட்டின் பெயரையே தம் குழுவுக்குச் சூட்டிக்கொண்டு கோடிகள் குவித்தனர். குவித்த இடத்தில் அவர் இல்லை. 1968இல் காலத்துக்கேற்ற கோலம் என்று ‘எலெக்ட்ரிக் மட்’ என்னும் தட்டில் அவர் குரலைச் சைகடெலிக் இரைச்சலுக்குள் ஆழ்த்தினர்; அவரே அதை விரும்பவில்லை. 1969இல் உரிமையாளர் லெனார்ட் செஸ் தம் நிறுவனத்தை விற்றார், அவ்வாண்டே இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் நேர்ந்த கார் விபத்து மடி வாட்டர்ஸின் எலும்புகளை முறித்தது. நெடுங்காலம் உட்கார்ந்தே பாடினார். எழுபதுகளின் நடுவில் செஸ் நிறுவனத்தோடு இருந்த உறவும் முடிந்தது. அறுபதைக் கடந்த பெரும்பாணர். அவரைப் போற்றாத ராக் பாடகர் இல்லை. போற்றியவர் பலர். அவர் பாட்டை அவர் பாட்டாகவே மீண்டும் பதிய முன்வந்தவன் ஒருவன்.

1976 அக்டோபர். கனெக்டிகட் மாநிலத்து வெஸ்ட்போர்ட். எட்கரின் குழுவில் பாடிய டான் ஹார்ட்மனுக்கு அங்கே ஸ்கூல்ஹவுஸ் என்னும் வீட்டு ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது. தயாரிப்பாளர் ஜானி விண்டர். அவன் முதலில் செய்தது ஆள் சேர்த்தல். முதியோரின் சொந்தக் குழுவிலிருந்து கிட்டாருக்கு பாப் மார்கோலின், பியானோவுக்கு பைன்டாப் பெர்கின்ஸ், டிரம்ஸுக்கு வில்லி ஸ்மித். முன்பு அக்குழுவில் மௌத் ஆர்கன் வாசித்துப் பின் தனியே சென்று புகழ் பெற்ற ஜேம்ஸ் காட்டனை மீண்டும் அழைத்தான். காட்டனோடு பேஸ் வாசிக்க சார்லஸ் கால்மீஸ் வந்தார். எல்லோரும் ஒரே அறையில். ஒருவர் முகம் ஒருவர் பார்க்க. அந்நாளைய வழக்கப்படி ஒவ்வொரு கருவியையும் தனித்தனிக் கூண்டில் அடைத்துத் தனித்தனியே பதிந்து, பின் மேசையில் வைத்து ஒட்டும் வேலை அங்கில்லை. குழு வாசித்தது, நாடா ஓடியது. மூன்றே நாளில் முடிந்தது.

இதைத் தயாரிப்பு என்று சொல்லச் சிலர் தயங்கலாம். என்ன தயாரித்தான், குழுவைக் கூட்டினான், நாடாவை ஓடவிட்டான், அவ்வளவுதானே என்பர். அந்த ‘அவ்வளவுதான்’ கைவர எவ்வளவு கேட்டிருக்க வேண்டும்! செஸ் தட்டுகளின் ஓசையில் சுவர்கள் கேட்கும், அறை கேட்கும், மனிதர்கள் அருகருகே நிற்பது கேட்கும். அதைச் சிறுவயது முதல் வானொலியில் கேட்டு உள்ளத்தில் பதித்தவனுக்கே எதைச் சேர்க்கக் கூடாது என்று தெரியும். பழந்தட்டைப் போலச் செய்வதும் அவன் நோக்கம் அன்று. உள்ளே இருந்த முதியோர் இன்னும் உயிரோடு இருந்தார், குரல் இன்னும் இடியாய் இருந்தது. அவர் குரலுக்கும் நம் காதுக்கும் இடையில் குவிந்திருந்தவற்றை அவன் எடுத்து அப்பால் வைத்தான்.

‘மேனிஷ் பாய்’ என்னும் பாட்டை அவர் 1955இல் முதலில் பதிந்தார். வெஸ்ட்போர்ட்டில் அதை மீண்டும் எடுத்தபோது நடந்ததைத் தட்டிலேயே கேட்கலாம். முதலில் எந்தக் கருவியும் இல்லை. முதியோரின் குரல் தனியே எழுகிறது. உடனே அறையின் பின்புறத்திலிருந்து ஒரு கூவல், தொண்டை கிழிய, அடக்க முடியாத மகிழ்ச்சியின் கூவல். மீண்டும் முதியோர், மீண்டும் கூவல். பின் குழு முழுதும் ஒரே அடியில் இறங்குகிறது: நான்கைந்து சுரங்கள், நிறுத்தம், அந்த நிறுத்தத்தில் குரல், மீண்டும் அதே அடி. பாட்டு முடியும்வரை அந்த அடி மாறுவதில்லை. அப்படிக் கூவுபவன் தயாரிப்பாளன். கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்து குமிழ் திருக வேண்டியவன், கிட்டாரோடு உள்ளே நின்று, தன் முதியோர் பாடுவது பொறுக்காமல் கூவுகிறான். வேறொருவன் என்றால் அதைப் பின்னர் அழித்திருப்பான். அவன் விட்டுவைத்தான். அந்தத் தட்டில் நான் மிக விரும்பும் ஓசை அது.

அத்தட்டில் முதியோர் கிட்டாரைத் தொடவில்லை, பாடினார் மட்டுமே. 1948இல் அவரைச் சிகாகோவுக்கு அறிமுகம் செய்த ‘ஐ காண்ட் பி சாட்டிஸ்ஃபைடு’ என்னும் பாட்டை எடுத்தபோது, அவர் அன்று வாசித்த ஸ்லைடு கிட்டாரை இன்று வாசிக்க ஆள் வேண்டும். விண்டர் எஃகுக் கிட்டாரை எடுத்தான். சுண்டுவிரலில் அவன் மாட்டுவது வெட்டிய இரும்புக்குழாய்த் துண்டு, கட்டைவிரலில் பிக். ஆசானின் குரலுக்கு ஆசானின் விரலாய் மாணவன் நின்றான். அந்த மாணவன் மேடையேறினால் நொடிக்கு நொடி சுரங்களைக் கொட்டி அரங்கை மூச்சுமுட்டச் செய்பவன். அன்று ஒரு சுரம் மிகையாக விழவில்லை. முதியோர் மூச்சு எடுக்கும் இடத்தில் தந்தி பேசியது. அவர் பேசும் இடத்தில் தந்தி ஒடுங்கியது. வேகத்தால் புகழ்பெற்றவன் தன் வேகத்தையே காணிக்கையாக வைத்த இடம் அது. முப்பத்திரண்டு வயதில், புகழின் நடுவில், பிறர் பாட்டுக்குப் பின்னே இவ்வாறு நிற்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

அத்தட்டு ‘ஹார்ட் அகெய்ன்’ என்னும் பெயரில் 1977 ஜனவரியில் வந்தது. கிராமி விருது பெற்றது. அடுத்த ஆண்டு ‘ஐம் ரெடி’. அதற்கு நாற்பதுகளின் இறுதி முதல் முதியோரோடு வாசித்த பழந்தோழர் ஜிம்மி ராஜர்ஸையும், மௌத் ஆர்கனுக்கு வால்டர் ஹார்டனையும் விண்டர் கொண்டுவந்து சேர்த்தான். நண்பர்கள் அருகில் நின்றதும் முதியோர் தாமே கிட்டாரை எடுத்துக்கொண்டார். அதுவும் கிராமி பெற்றது. 1979இல் வந்த மேடைப் பதிவும் கிராமி பெற்றது. மடி வாட்டர்ஸ் தம் வாழ்நாளில் பெற்ற கிராமிகள் ஆறு. அவற்றுள் மூன்று விண்டர் தயாரித்தவை. 1981இல் வந்த ‘கிங் பீ’ நலிவுற்றது. முதியோர் உடல் தளர்ந்திருந்தார்; பணத்தகராறில் குழு கலைந்துபோனது; முந்தைய பதிவுகளில் எஞ்சியவற்றையும் எடுத்து விண்டர் அதை நிறைத்தான். பின் பாட்டே இல்லை. 1983 ஏப்ரல் 30 அன்று மடி வாட்டர்ஸ் மறைந்தார். தத்துப்பிள்ளை என்று அவர் சொல்லிவந்தவன் டெக்சாஸின் வெண்முடியான்.

புரவலன் என்று அவனைச் சொன்னேன். பொன்னும் யானையும் ஈந்தவன் அல்லன். முதியோர் ஒருவர்க்கு வாழ்வின் இறுதி ஏழாண்டில் அவருடைய குரலையே திரும்ப ஈந்தவன். அதைவிடப் பெருங்கொடை பாணர்க்கு இல்லை.

கொடை அதோடு நிற்கவும் இல்லை. மௌத் ஆர்கன் வல்லோர் சோனி டெர்ரி, இளமையிலேயே இரு கண்ணும் இழந்தவர். எழுபதைத் தொட்ட அவரை அழைத்து ‘ஹூப்பின்’ என்னும் தட்டைத் தயாரித்தான் விண்டர். அலிகேட்டர் நிறுவனம் 1984இல் வெளியிட்டது. பேஸ் வாசித்தவர் வில்லி டிக்சன். கண்ணில்லா முதியவர் ஒருவர். கண் மங்கிய தயாரிப்பாளன் ஒருவன். சோனி டெர்ரியின் ஆர்கன் இரயிலாய் ஊளையிடும், நரியாய் ஓலமிடும், ஊதலுக்கு நடுவே அவர் தொண்டையே ஒரு கூவலாய்த் தெறிக்கும். பின்னால் விண்டரின் கிட்டார் வழித்துணைபோல் நடந்து வருகிறது. இரண்டு ஆண்டு கழித்து சோனி டெர்ரி மறைந்தார்.

எண்பதுகளில் அலிகேட்டருக்குத் தன் பெயரில் மூன்று தட்டுகள் தந்தான். 1988இல் ப்ளூஸ் புகழ்மண்டபம் அவன் பெயரை ஏற்றது. பிறகு வந்த ஆண்டுகள் கொடியவை. ஹெராயினை விட்டவனை, அதற்கு மாற்றாகத் தரப்படும் மெதடோன் என்னும் மருந்து விடவில்லை. உடல் ஒடுங்கியது, குரல் தேய்ந்தது, நடை தளர்ந்தது. நாற்காலியில் அமர்ந்தே வாசித்தான். ஒரு காலத்தில் முதியோர் உட்கார்ந்து பாடியதைக் கண்டு கலங்கியவன், அதே நாற்காலிக்கு வந்து சேர்ந்தான். அந்நாளில் அவனைத் தாங்கியவன் இளைய கிட்டார்க்காரன் பால் நெல்சன். மருந்திலிருந்து மெல்ல மெல்ல மீட்டான், தட்டுகளைத் தயாரித்தான், மேடையில் பக்கத்தில் நின்றான். 2011இல் ‘ரூட்ஸ்’ வந்தது. மூத்தோர்க்கு விண்டர் செய்ததை விண்டருக்கு இளையோன் செய்தான். இந்த ஒன்றில் மட்டும் காலம் நேர்மையாக நடந்தது.

இப்போது அவன் இல்லை. ஃபயர்பேர்டு என்னும் கிட்டாரே, பறவையின் தோற்றம் கொண்டு அவன் மார்பில் சாய்ந்து கிடந்தாயே, உன் தந்தியில் அந்தக் குழாய்த்துண்டு ஏறியும் இறங்கியும் தேய்த்த தடம் இன்னும் இருக்கும். தேய்த்த கை எங்கே? ஆஸ்டினில் அவனுக்கு வாய்த்த தலையில்லாச் சிறு கிட்டார் லேசரே, அவன் விரல் தளர்ந்த நாளில் கனம் குறைந்து மடியில் கிடந்தாயே, இனி உன்னை எடுப்பவர் காட்சிக்கு எடுப்பரேயன்றிப் பாட்டுக்கு எடுப்பரோ? பியூமான்டே, ஒரு நாள் உன் தெருக்கள் எரிந்தன; மற்றொரு நாள் உன் அரங்கு ஒன்று எழுந்து நின்று ஒரு வெள்ளைச் சிறுவனுக்குக் கைதட்டியது. எரித்த கணக்கு தீராது. ஆயினும் அந்தக் கைதட்டலுக்குரிய கடனை உன் பிள்ளை தன்னால் இயன்றவரை தீர்த்துவிட்டுப் போனான்.

கடன் முழுதும் தீர்ந்ததென்று நான் சொல்லவில்லை. கறுப்பினத்தார் இசையால் வெள்ளையர் நிறுவனங்கள் ஈட்டியதற்கு மூன்று கிராமி ஈடாகாது. விண்டரும் அந்த ஈட்டத்தில் பங்கு பெற்றவனே. அந்த 6,00,000 டாலர் எந்தக் கறுப்பினக் கலைஞன் கையிலும் அன்று வந்து விழுந்திருக்காது. ஆனால் பங்கு பெற்ற பலர் நேர்காணல்களில் மூத்தோர் பெயரைச் சொல்லி வணங்கிவிட்டு நகர்ந்தனர். அவன் நகரவில்லை. தன் புகழின் உச்சத்தில் மூத்தோர் வாசலுக்குச் சென்று, அவரை முன்னிறுத்தி, தான் பின்னின்று, தட்டின் மேல் அவர் பெயரைப் போட்டு, உள்ளே அவர் பாட்டையே வைத்தான். வணக்கம் வேறு, பணி வேறு. அவன் பணி செய்தவன்.

அவன் உடல் கனெக்டிகட் மாநிலத்து ஈஸ்டன் ஊர்க் கல்லறையில் இருக்கிறது. அவன் முடித்துவைத்துப் போன ‘ஸ்டெப் பேக்’ 2014 செப்டம்பரில் வெளிவந்தது. எரிக் கிளாப்டனும் பில்லி கிப்பன்ஸும் டாக்டர் ஜானும் அதில் அவனோடு வாசித்திருந்தனர். 2015 பிப்ரவரியில் அதற்குக் கிராமி கிடைத்தது. பெற்றுக்கொள்ள அவன் இல்லை.

அவன் இசையை இதுவரை கேளாதோர் அவன் பெயரைத் தேடத் தொடங்கினால், உட்ஸ்டாக் முதலில் வரும், வேகம் முதலில் வரும். அவற்றைப் பிறகு கேட்க. முதலில் ‘ஹார்ட் அகெய்ன்’ கேட்க. அடுத்து ‘ஐம் ரெடி’. அடுத்து சோனி டெர்ரியின் ‘ஹூப்பின்’. இம்மூன்றின் முகப்பிலும் பெரிதாக இருப்பது அவன் பெயர் அன்று. கேட்டு முடித்தபின் அவன் தட்டுக்கு வருக. அந்த வரிசையையே அவன் விரும்பியிருப்பான்.